ஆப்பிரிக்க வணிகமும் நம் கட்டுரைகளும்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, ஆப்பிரிக்கத் தொழில்முனைவோரைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆப்பிரிக்காவில் சிறு தொழில்கள் வளராமல் நிற்பதற்குத் தலைமைப் பண்பும் நிர்வாக அறிவும் இல்லாததே காரணம் என்றும், கணக்கெழுதவும் திட்டமிடவும் கற்றுக்கொடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடும் என்றும், ஆய்வுகள் இதையே கூறுகின்றன என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. எந்த ஆய்வு, எந்த நாட்டில், யாரிடம், எத்தனை காலம் நடத்தப்பட்டது என்ற விவரம் ஒன்றுகூட இல்லை. நைஜீரியாவில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஊர் திரும்பிய பிறகும் அந்நாடுகளின் வணிகத்தைப் பற்றி வரும் ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. அந்த ஆய்வுகள் கூறுவது கட்டுரையாளர் சொன்னதற்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் இருக்கிறது என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், அது என் பிழைப்பு. கானாவின் தலைநகரான அக்ராவில், தையற்கடை நடத்துவோரிடம் டீன் கார்லன், ரயன் நைட், கிறிஸ்டோபர் உட்ரி ஆகிய மூவர் ஒரு சோதனை நடத்தினர். தையற்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குப் பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றின் ஆலோசனையும், சிலருக்குப் பணமும், சிலருக்கு இரண்டும் கிடைக்கச் செய்தனர். எதுவும் பெறாத ஒரு பிரிவினரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டனர். தையற்காரர்கள் சொன்னபடி கேட்டார்கள். வரவு செலவு எழுதினார்கள், கிடைத்த பணத்தைத் தொழிலிலேயே போட்டார்கள். லாபம் மட்டும் சராசரியில் உயரவே இல்லை. ஆலோசனை நின்று ஓராண்டு ஆவதற்குள் பெரும்பாலும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு, யார் துணி கொடுத்துவிட்டு வாங்க வராமல் போவார், யார் கூலியை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் மனப்பாடம். நோட்டில் எழுதிவைப்பதால் அந்த வாடிக்கையாளர் மாறிவிடப்போவதில்லை.

கணக்கே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாற்பது ஆண்டுகள் நான் செய்த வேலைக்கே துரோகம். கணக்கை யார் எழுதுவது என்பதுதான் கேள்வி. நைஜீரியாவில் லாகோஸ், அபுஜா நகரங்களில் ஏறத்தாழ 750 சிறு நிறுவனங்களை வைத்து ஸ்டீபன் ஆண்டர்சன், டேவிட் மெக்கன்சி இருவரும் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பிரிவினருக்கு வகுப்பறைப் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு ஆலோசகர், மூன்றாம் பிரிவினருக்குக் கணக்கு அல்லது விற்பனை வேலைக்குத் தகுந்த ஆளை அமர்த்திக்கொள்ள உதவி, நான்காம் பிரிவினருக்கு அந்த வேலையை வெளியே தொழில்முறையாகச் செய்பவரிடம் ஒப்படைக்க உதவி. பின்னிரண்டு வழிகளும் வகுப்பறைப் பயிற்சியை விட நல்ல பலன் தந்தன. ஆலோசகர் வைத்ததற்குச் சமமான பலனை அதில் பாதிச் செலவில் தந்தன. முதலாளி என்பவர் எல்லா வித்தையும் கற்றவராக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவது எதற்கு? நம் ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர் தாமேவா வரிக்கணக்கைத் தாக்கல் செய்கிறார்?

கென்யாவைப் பற்றிய ஓர் ஆய்வை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேற்குக் கென்யாவின் சிறு கடைகளில், வாடிக்கையாளர் பெரிய நோட்டை நீட்டும்போது கொடுக்கச் சில்லறை இல்லாமல் எத்தனை வியாபாரம் கைவிட்டுப் போகிறது என்று லோரி பீமன், ஜெரமி மக்ரூடர், ஜோனத்தன் ராபின்சன் மூவரும் வாரந்தோறும் கடைக்காரர்களிடம் கேட்டு எழுதினர். சராசரியாக ஒரு கடை தன் லாபத்தில் 5 முதல் 8 விழுக்காடு வரை சில்லறைத் தட்டுப்பாட்டால் இழக்கிறது என்பது அவர்களது மதிப்பீடு. அடுத்து நடந்ததுதான் ரசிக்கத்தக்கது. இப்படி வாரந்தோறும் போய்க் கேட்டதே கடைக்காரர்களை மாற்றிவிட்டது. "போன வாரம் சில்லறை இல்லாமல் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், அவர்கள் கையில் கூடுதலாகச் சில்லறை வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள், இழந்த விற்பனை குறைந்தது. பாடத்திட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. கடைக்கு உள்ளே நின்று, கல்லாப்பெட்டியைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்வி, அவ்வளவுதான். (சில்லறைக்குப் பதில் மிட்டாயைக் கையில் திணிக்கும் நம் கடைக்காரர்களின் உத்தி அங்கே எட்டவில்லை போலும்.)

நைரோபியில் தண்டோரா என்ற பகுதியில் நடந்த மற்றொரு சோதனையும் இதே வகையைச் சேர்ந்தது. புதிதாகத் தொழில் தொடங்கிய பெண்களில் ஒரு பிரிவினருக்கு வகுப்பு நடத்தினார்கள். இன்னொரு பிரிவினரை அதே பகுதியில் நெடுநாளாகக் கடை நடத்தி வெற்றி கண்ட மூத்த பெண்களிடம் கேட்டுப் பழக விட்டார்கள். மூத்தவர்களோடு பழகியவர்களின் லாபம் சராசரியாக 20 விழுக்காடு உயர்ந்தது. காரணம் மிகச் சாதாரணமானது: எந்த மொத்த வியாபாரியிடம் சரக்கு மலிவு என்ற தகவல் அவர்களுக்குக் கிடைத்தது. சந்திப்பு நின்றதும் அந்தப் பலனும் மெல்லத் தேய்ந்துபோனது. இந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்குச் சாதகமாகவும் ஒரு முக்கியமான சான்று உண்டு. அதை மறைத்தால் நானும் கட்டுரையாளர் செய்ததையே செய்தவனாவேன். டோகோ நாட்டின் தலைநகரான லோமேயில் 1,500 சிறு தொழில் நடத்துவோரை மூன்று சமப் பிரிவாக்கி, 2014-ல் ஒரு பிரிவினருக்கு வழக்கமான கணக்கு, சந்தை, நிதிப் பாடமும், மற்றொரு பிரிவினருக்கு உளவியல் அடிப்படையிலான "சுயமுனைப்பு"ப் பயிற்சியும் அளித்தனர்; மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. இரு பயிற்சிகளுக்கும் வகுப்பு நேரம் ஒன்றே, 36 மணி. இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், சுயமுனைப்புப் பயிற்சி பெற்றோரின் லாபம் 30 விழுக்காடு கூடியிருந்தது; வழக்கமான பயிற்சி பெற்றோருக்குக் கிடைத்த 11 விழுக்காடு, தற்செயலாக நேர்ந்தது என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு உறுதியானதாக இல்லை. 2017-ல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. தாமாகத் தொடங்குவது, முன்கூட்டி யோசிப்பது, தடை வந்தால் விடாமல் வேறு வழி தேடுவது ஆகியவைதான் அந்தப் பயிற்சியின் சாரம். ஆனால் அதே வகைப் பயிற்சியை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனபோது லோமேயில் கண்ட அளவு பலன் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை.

லோமே என்ற ஊர்ப்பெயரை வெறும் முகவரியாகக் கடந்துபோகக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாலந்தில் அச்சான மெழுகுச்சாயத் துணிகளை மொத்தமாக எடுத்து மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் விற்ற "நானா பென்ஸ்" பெண்கள் இந்த ஊர்க்காரர்கள். அந்த வணிகத்தில் சம்பாதித்து மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கியதால் வந்த பெயர் அது. துணியில் புது வடிவம் வந்தால் அதற்கு ஒரு பழமொழியையோ ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியையோ பெயராக வைத்துப் பரப்பியவர்கள் அவர்கள். பெயர் பிடித்துவிட்டால் சரக்கு ஓடும். எந்த வணிகப் பள்ளியும் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. 1994 சனவரியில் டோகோ உள்ளிட்ட நாடுகளின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாக வெட்டப்பட்டபோது இறக்குமதித் துணியின் விலை எகிறி, பிறகு மலிவான சீனத் துணியும் வந்து சேர்ந்து, அந்தப் பெண்களின் செல்வாக்கு சரிந்தது. அவர்களிடம் தலைமைப் பண்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. நாணய மதிப்பை நிர்ணயித்தவர்கள் அவர்களல்லர்.

இனி, என் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் நாள்தோறும் "அமைப்புசாரா", "முறைசாரா" என்று எழுதுகிறோம். நல வாரியங்களுக்கே அந்தப் பெயர் இருக்கிறது. அதற்கு மூலமான "இன்ஃபார்மல்" என்ற ஆங்கிலச் சொல் பொருளாதாரத்தில் இன்றைய பொருளில் வழங்கத் தொடங்கியது ஆப்பிரிக்காவில்தான் என்பது பலருக்குத் தெரியாது. கீத் ஹார்ட் என்ற மானுடவியலாளர் 1960-களில் அக்ராவின் நிமா என்ற குடிசைப் பகுதியில் தங்கி, கானாவின் வடக்கிலிருந்து வந்து குடியேறிய மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்தார். அரசுக் கணக்கில் "வேலையற்றோர்" என்று எழுதப்பட்டவர்கள் ஓயாமல் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டும், ஒரே ஆள் இரண்டு மூன்று வழிகளில் சம்பாதித்துக்கொண்டும் இருந்ததைக் கண்டு, 1971-ல் ஒரு மாநாட்டில் அதை எடுத்துரைத்தார். கட்டுரை 1973-ல் அச்சானது. இடையில் 1972-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை அந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களை வேலையற்றோர் என்று தள்ளிவிடக்கூடாது என்பதற்காகப் பிறந்த சொல், காலப்போக்கில் அவர்களிடம் முறை எதுவும் இல்லை என்று பொருள்படும்படி ஆகிவிட்டது. கென்யர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் எவ்வளவோ மேல்: "ஜுவா காலி", சுவாஹிலி மொழியில் சுட்டெரிக்கும் வெயில். கூரையில்லாத இடத்தில் வெயிலில் நின்று தகரப்பெட்டியும் கரியடுப்பும் அடித்துக்கொடுக்கும் கைவினைஞர்கள் என்று பொருள்.

முறை இல்லை என்று சொல்லப்படும் இடத்தில் எவ்வளவு முறை இருக்கிறது என்பதை நான் நேரில் பார்த்த ஓரிடத்தைக் கொண்டு விளக்குகிறேன். கிழக்கு நைஜீரியாவில் நைஜர் ஆற்றங்கரையில் உள்ள ஒனிட்ஷா, மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. எங்கள் நிறுவனம் அங்கே மோட்டார் சைக்கிள் உதிரிபாகங்களைக் கடனுக்குக் கொடுத்துவந்தது; ஆண்டுக்கு இரண்டு முறை பாக்கியைச் சரிபார்க்க நான் லாகோஸிலிருந்து போவேன். முதல் முறை போனபோது கடை முதலாளியிடம் பேரேட்டைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, சங்கிலிகளும் பிரேக் கட்டைகளும் தொங்கிய அலமாரியடியில் உட்கார்ந்து பேரிங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த பையனைக் காட்டினார். பதினாறு, பதினேழு வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றவன், எந்தத் தேதியில் எத்தனை பெட்டி வந்தது, அதில் எத்தனை ஆற்றுக்கு அந்தப்புறம் அசாபா ஊர்க்காரர்களுக்குப் போனது, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று நிறுத்தாமல் ஒப்பித்தான். நான் என் தாள்களை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே ஓரிடத்தில் வித்தியாசம் வந்தது. லாகோஸ் திரும்பி மூலச்சீட்டை எடுத்துப் பார்த்தால், பிழை எங்கள் பக்கம்.

அந்தப் பையன் சம்பளக்காரன் இல்லை. கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடையே வழங்கும் தொழிற்பயில் முறையில் அவன் ஒரு கண்ணி. குடும்பத்தார் பேசி முடித்து, சிறுவனை ஒரு வணிகரிடம் ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒப்படைக்கிறார்கள். "ஓகா" என்று அழைக்கப்படும் முதலாளி அவனுக்குச் சோறும் தங்க இடமும் தருகிறார், கூலி கிடையாது. கடையைப் பெருக்குவதில் தொடங்கி, சரக்கு அடையாளம், விலை பேசுதல், கடன் வசூல், துறைமுகத்தில் சரக்கெடுத்தல் என்று ஒவ்வொன்றாகக் கை மாறுகிறது. காலம் முடிந்ததும் முதலாளி அவனைத் தனிக்கடை வைத்து விடவேண்டும். முதலாகப் பணமோ சரக்கோ கொடுத்து, சில சமயம் கடை வாடகையையும் கட்டி, தனக்குச் சரக்கு தருபவர்களிடம் அழைத்துப்போய் அறிமுகமும் செய்துவைக்க வேண்டும். நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் இரு குடும்பத்துப் பெரியவர்களும் அமர்ந்து, கோலாக்கொட்டையை உடைத்துப் பகிர்ந்து, வாழ்த்துக் கூறி, அதற்குப் பிறகே தொகையைச் சொன்னார்கள். எழுத்தில் ஒரு வரி இல்லை. அடுத்த முறை நான் போனபோது பழைய பையன் நான்கு கடை தள்ளி அதே சரக்கை விற்றுக்கொண்டிருந்தான். முதலாளியிடம் இல்லாத உருப்படிக்கு வாடிக்கையாளரை அவரே அங்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி மேலே வந்த கதையை அறிந்தவர்களுக்கு இதில் பாதி பழக்கமானதுதான். ஆனால் தனக்குப் போட்டியாளரைத் தானே முதல் கொடுத்து உருவாக்கும் கடைசிப் படி இக்போ முறைக்கே உரியது.

இது எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு வேகம் பிடித்தது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிழக்கு நைஜீரியா தனிநாடாகப் பிரிய முயன்று தோற்ற, 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கணக்கு வைத்திருந்த ஓர் இக்போவுக்குக் கிடைத்தது 20 பவுன் மட்டுமே. 1972-ல் அந்நியர் கையிலிருந்த தொழில்களை நைஜீரியர்களுக்கு மாற்றும் ஆணை வந்தபோது பங்கு வாங்க அவர்களிடம் பணம் இல்லை. வங்கியும் இல்லை, அரசின் பரிவும் இல்லை என்ற நிலையில், முதலும் பயிற்சியும் நம்பிக்கையும் ஒரே இடத்தில் கிடைத்த ஏற்பாடு இதுவாகத்தான் இருந்தது. ஒனிட்ஷாவுக்குத் தெற்கே உள்ள நெவி என்ற ஊரில் உதிரிபாகம் விற்ற வணிகர்கள், தைவானில் தங்களுக்குச் சரக்கு கொடுத்தவர்களின் தொடர்பைப் பிடித்துக்கொண்டு தாங்களே உதிரிபாகம் செய்யத் தொடங்கியதை டெபோரா பிராட்டிகம் 1990-களில் ஆராய்ந்து எழுதினார். மின்சாரமும் தண்ணீரும் அரசு தராததால் ஒவ்வொரு ஆலையும் தன் ஜெனரேட்டரையும் ஆழ்துளைக் கிணற்றையும் தானே வைத்துக்கொண்டது. இன்று வாகனம் தயாரிக்கும் இன்னோசன் நிறுவனமும் அந்த நெவியில் இருப்பதுதான். அதன் நிறுவனரும் உதிரிபாகக் கடையிலிருந்து வந்தவர்.

இந்த முறையை உலகின் மிகப் பெரிய தொழில் வளர்ப்பகம் என்று புகழ்ந்து எழுதுவோர் இப்போது பெருகிவிட்டார்கள். அந்தப் பெருமிதத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஏழு ஆண்டு உழைத்த ஒரு பையனை, விடுவிக்க வேண்டிய ஆண்டில் திருட்டுப் பழி சுமத்தி வெறுங்கையோடு அனுப்பிய ஒரு கடைக்காரரையும் நான் அறிவேன்; அவன் குடும்பத்தார் வந்து பேசிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை, எழுத்து இல்லாத ஒப்பந்தத்துக்கு நீதிமன்றமும் இல்லை. அவன் பிறகு லாகோஸில் பேருந்துகளுக்கு நடுவே குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்தான். பெண்பிள்ளைகளுக்கு இந்த முறையில் இடம் மிகக் குறைவு. பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கிறது. ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான்: விடுவிப்புத் தொகை எப்போது கிடைக்கிறது, எப்போது மறுக்கப்படுகிறது, சாட்சி யார், எழுத்து வந்தால் நம்பிக்கை கெடுமா வலுக்குமா. இந்தக் கேள்விகளைக் கேட்க முதலில் அங்கே ஒரு முறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமல்லவா?

உகாண்டாவில் பிறந்த மோசஸ் கிகுண்டுவும் அவரது சக ஆய்வாளர்கள் இருவரும் 1983-லேயே எழுதிய ஒரு கட்டுரை எனக்கு இதை விளங்கவைத்தது. மேலை நாடுகளில் உருவான நிர்வாகக் கோட்பாடுகளை வளரும் நாடுகளில் பயன்படுத்திய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நிறுவனத்தின் உள்ளே நடக்கும் தொழில்நுட்ப வேலைகளுக்கு அவை பெரும்பாலும் அப்படியே பொருந்துகின்றன என்றும், நிறுவனம் வெளியுலகத்தோடு உறவாடும் இடங்களில் மாற்றிக்கொள்ளாமல் பயன்படுவதில்லை என்றும் அவர்கள் கண்டனர். என் அனுபவமும் அதுவே. இரட்டைப் பதிவு முறை கும்பகோணத்திலும் லாகோஸிலும் ஒன்றுதான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் சொன்னால் பாக்கி வரும், துக்க வீட்டுக்குப் போன கடனாளியிடம் எத்தனை நாள் கழித்துக் கேட்கலாம் என்பது ஊருக்கு ஊர் வேறு.

தலைமைப் பண்பு என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு சமூகத்தில் அதிகாரத்தை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்க உலகெங்கும் எடுத்தாளப்படும், டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டேடின் எண்கள், 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் பிறந்தவை. அதில் கானா, நைஜீரியா, சியரா லியோன் மூன்றும் சேர்ந்து "மேற்கு ஆப்பிரிக்கா". எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, சாம்பியா நான்கும் சேர்ந்து "கிழக்கு ஆப்பிரிக்கா". ஐந்நூறுக்கு மேல் மொழிகள் உள்ள நைஜீரியா இன்னும் இரண்டு நாடுகளோடு சேர்ந்து ஒரே மதிப்பெண் வாங்குகிறது, அதுவும் ஒரு கணினி நிறுவனத்தின் சம்பளக்காரர்கள் சொன்ன பதிலை வைத்து. ஒனிட்ஷாவின் ஓகா அதில் எங்கே வருகிறார்?

கானாவில் அக்ராவிலும் குமாசியிலும் பெரிய சந்தைகளில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி இருக்கிறார்; தக்காளிக்கு ஒருவர், பெருவள்ளிக் கிழங்குக்கு ஒருவர். விற்பவர்களுக்கும் லாரியில் சரக்கு கொண்டுவருபவர்களுக்கும் இடையே எழும் வழக்குகளைத் தீர்ப்பதும், அதிகாரிகளிடம் சென்று பேசுவதும், உறுப்பினர் வீட்டு இறப்புக்கு ஆட்களைத் திரட்டிப் போவதும் அவர்கள் வேலை. விலைவாசி உயர்வுக்கு இந்த வியாபாரப் பெண்களே காரணம் என்று சொல்லி 1979 ஆகஸ்டில் அன்றைய ராணுவ அரசு அக்ராவின் மக்கோலா சந்தையையே இடித்துத் தள்ளியது. சந்தை திரும்ப எழுந்தது. தலைவிகளும் திரும்ப வந்தார்கள். தலைமையைப் பற்றி ஆராய விரும்புவோருக்கு இதைவிட வளமான களம் எது என்று எனக்குத் தெரியவில்லை. மறுபக்கம், 1994-க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் "உபுன்டு" என்ற கருத்து, மனிதர் பிற மனிதரால்தான் மனிதராகிறார் என்ற அழகான சொல், நட்சத்திர விடுதிக் கருத்தரங்குகளின் சரக்காகவும் ஆகிவிட்டது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஸ்டெல்லா இன்கோமோ 2011-ல் எழுதிய கட்டுரையில் இரு தரப்பையும் கேள்விக்கு உட்படுத்தினார்: ஆப்பிரிக்கத் தலைமையைக் குறையுள்ளதாகக் காட்டும் எழுத்தும், அதற்கு மாற்றாகப் பழுதற்ற ஒரே "ஆப்பிரிக்கத் தலைமை"யைப் புனைந்து காட்டும் எழுத்தும், ஒரு கண்டத்தை ஒரே ஆளாகப் பாவிக்கும் அதே தவற்றையே செய்கின்றன. இத்தகைய விவாதங்களுக்கென்றே ஆப்பிரிக்க மேலாண்மைக் கழகம் 2011-ல் தொடங்கப்பட்டு, 2015 முதல் அதன் சார்பில் ஓர் ஆய்விதழும் வருகிறது. தங்கள் கட்டுரையில் ஆப்பிரிக்க ஆய்வாளர் ஒருவரின் பெயர்கூட இல்லாதது என் மனத்தை உறுத்தியது.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வடக்கு உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 380 டாலர் வீதம் தொழில் தொடங்க அரசு கொடுத்த திட்டத்தில், நான்கு ஆண்டு கழித்துப் பணம் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 38 விழுக்காடு கூடியிருந்தது. அந்த எண் பல அறிக்கைகளில் இடம்பெற்றது. ஒன்பது ஆண்டு கழித்து அதே ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தபோது, பெறாதவர்களும் வருமானத்தில் எட்டிப்பிடித்துவிட்டிருந்தார்கள். இரண்டாவது முடிவு முதலாவதைப் பொய்யாக்கவில்லை. முன்கூட்டியே எழுந்து நிற்க அந்தப் பணம் உதவியது என்று வாசிக்கலாம். ஆனால் நான்காம் ஆண்டோடு நிறுத்திக்கொண்ட கட்டுரைகள் வாசகருக்குப் பாதிக் கதையைத்தான் சொன்னன.

கென்யாவில் 2007 மார்ச்சில் தொடங்கிய எம்-பெசா செல்பேசிப் பணச் சேவையால் 1,94,000 குடும்பங்கள், அதாவது அந்நாட்டுக் குடும்பங்களில் 2 விழுக்காடு, வறுமையிலிருந்து மீண்டன என்று டவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-ல் கணக்கிட்டதைத் தங்கள் கட்டுரை அவர்கள் பெயரைச் சொல்லாமலே எடுத்தாண்டிருக்கிறது. அந்த மதிப்பீட்டின் முறையைக் கடுமையாகக் கேள்வி கேட்டு 2019-ல் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது கட்டுரையில் இல்லை. அதைவிட, எம்-பெசா எப்படி உருவானது என்பது கட்டுரையாளரின் வாதத்துக்கே எதிரானது. குறுங்கடன் தவணையைக் கட்டுவதற்காகத்தான் அது முதலில் வடிவமைக்கப்பட்டது. வெள்ளோட்டத்தில் அதைப் பெற்ற மக்கள், தவணை கட்டுவதோடு நிற்காமல் ஊரிலுள்ள உறவினருக்குப் பணம் அனுப்பவும், இரவுப் பயணத்தில் கைப்பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதற்கும் முன்பே கானா, உகாண்டா, போட்ஸ்வானா நாடுகளில் மக்கள் செல்பேசிப் பேச்சுநேரத்தையே பணம்போல ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அதைக் கவனித்தது, வடிவத்தை மாற்றியது. அங்கே பாடம் கற்றுக்கொண்டவர்கள் யார்?

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்கள். இத்தகைய கட்டுரைகளில் ஆய்வு நடந்த ஊரையும் ஆண்டையும், எத்தனை பேரிடம் எவ்வளவு காலம் நடந்தது என்பதையும் ஒரு வரியிலாவது சேர்க்கச் சொல்லுங்கள். லாபம் கூடியது என்றால் யாருக்குக் கூடியது, ஆண்களுக்கா பெண்களுக்கா என்று கேட்கச் சொல்லுங்கள். மேற்குக் கென்யாவின் பூமாலா என்ற சிற்றூரில் வட்டி இல்லாத சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தபோது, சந்தைப் பெண்கள் அதைப் பயன்படுத்தித் தொழிலில் முதலீட்டைக் கூட்டினார்கள், சைக்கிள் டாக்சி ஓட்டிய ஆண்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அந்தந்த நாட்டு ஆய்வாளர்களின் பெயர்களைத் தேடிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றி. மெழுகுச்சாயத் துணிகள் மடித்து அடுக்கிய கடையில் ஒரு மூதாட்டி மரமுக்காலியில் அமர்ந்து, மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். கணக்கெழுதத் தெரியாதவர்கள் என்று கூறும் கட்டுரைக்கு நடுவே இந்தப் படம் வந்தது தற்செயலாக இருக்கலாம். படத்தின் கீழே "ஆப்பிரிக்கச் சந்தை ஒன்று" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். அது லோமேயா, குமாசியா, கோட்டோனூவா என்று தங்கள் படப்பிரிவில் கேட்டு, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஊர்ப்பெயரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்,
கும்பகோணம்.